ஆச்சி பதில்கள்: பிறந்த கிழமை என்ன?

சென்ற இதழில் சித்திரைப் பிறப்பைப் பற்றி எழுதும்போது, ரங்கூனில் அந்த நாளில் தெருவெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுவார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரிக்குத்தான். ஆகவே மாமியார் வழக்கு, மருமகள் வழக்கு எல்லாம் அடுத்த இதழுக்கு. நாட்டின் பேரை மியான்மர் என்று 1989-இலேயே மாற்றிவிட்டார்கள். அங்கேயே பிறந்து, 1964-இல் கப்பலேறி வந்த எனக்கு வாயில் பர்மா என்றுதான் வரும். பிழையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் மகனைக் கம்பெனி வேலையாக ரங்கூனுக்கு அனுப்புகிறார்கள். அங்கே இருக்கும் அவன் சிநேகிதன், "ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போகுமுன் நீ பிறந்த கிழமையைத் தெரிந்துகொண்டு வா" என்றானாம். நட்சத்திரம் தெரியும், ராசி தெரியும். கிழமை எதற்கு ஆச்சி?
— ஒரு தாய், தேவகோட்டை

அவசியம் கேட்டு அனுப்புங்கள். புதன்கிழமைப் பிள்ளையாக இருந்தால் காலையா மாலையா என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

பர்மியருக்கு வாரம் ஏழு நாள்தான், ஆனால் கோயில் கணக்கில் எட்டு. புதனை உச்சிப்பொழுதோடு இரண்டாக வெட்டி, பிற்பகலை ராகுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பகோடாவைச் சுற்றி எட்டுத் திக்கிலும் எட்டு மூலை. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் புத்தர், அவர் காலடியில் அந்தக் கிழமைக்குரிய பிராணி. ஞாயிறுக்குக் கருடன், திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், புதன் காலைக்குத் தந்தமுள்ள யானை, மாலைக்குத் தந்தமில்லாத யானை, வியாழனுக்கு எலி, வெள்ளிக்குக் கினிப்பன்றி, சனிக்கு நாகம். உங்கள் பிள்ளை தன் மூலையைத் தேடிப் போய், அங்கிருக்கும் சின்னக் குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு புத்தரின் தலையில் ஊற்ற வேண்டும். வயசுக்கு ஒரு குவளை, அதற்கு மேல் ஒன்று என்பது பலர் வழக்கம். பிராணியையும் மறக்காமல் நனைப்பார்கள். எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்த ஒரு டாக்டர் பெண்மணி, பரீட்சைத் தாள் திருத்துவதுபோல ஒவ்வொரு குவளையையும் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே ஊற்றுவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முறைப்பார்.

அவர்களுடைய பேரே கிழமையில்தான் இருக்கிறது. க வரிசையில் பேர் தொடங்கினால் திங்கள், ச வரிசை செவ்வாய், ப வரிசை வியாழன், த வரிசை சனி, உயிரெழுத்து ஞாயிறு என்று பழைய முறை. இப்போதைய பெற்றோர் எல்லாரும் பார்ப்பதில்லை. ஐக்கிய நாடுகள் சபையில் 1961 முதல் 1971 வரை பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட் வெள்ளிக்கிழமைப் பிள்ளை. அவர் பேரும் வெள்ளிக்குரிய எழுத்தில்தான் தொடங்கும். அதில் 'ஊ' இனிஷியல் இல்லை, பெரியவர்களுக்குப் போடும் மரியாதை. முழுப்பேரே தாண்ட் என்ற ஒரு சொல்தான். தகப்பன் பேர், குடும்பப் பேர் ஒன்றும் கிடையாது. கடை விலாசத்துக்கே (தொழில் பேருக்கே) மூன்று எழுத்துப் போட்டுப் பழகிய நம் நகரத்தார் ஆட்கள் இதைப் பார்த்து மலைத்துப் போனார்கள்.

உங்கள் பிள்ளைக்கு இன்னும் ஒன்று. செருப்பை அடிவாரத்திலேயே கழற்ற வேண்டும், காலுறையும் கூடாது. வெள்ளைக்காரன் காலத்தில் துரைமார் பூட்ஸோடு ஏறினார்கள். அது பெரிய தகராறாகி, 1919-இல் மாந்தலேயில் எயின்டாவ்யா பகோடாவுக்குள் பூட்ஸோடு வந்த ஐரோப்பியரைப் பிக்குகளே அடித்து விரட்டினார்கள். அதற்காகச் சில பிக்குகள் சிறைக்கும் போனார்கள். நம் ஆட்கள் வெறுங்கால், மேல்துண்டு. அந்த வழக்கில் நமக்கு வேலையே இல்லை.

பகோடாவின் கதையைச் சொன்னால் பிள்ளை சந்தோஷப்படுவான். ஞானம் பெற்ற புத்தருக்கு முதலில் தேனும் மாவும் கொடுத்தவர்கள் தபுஸ்ஸன், பல்லிகன் என்ற இரண்டு வியாபாரிகள். அவர் கொடுத்த எட்டுத் தலைமுடியை அவர்கள் கொண்டுவந்து வைத்த இடமே இது என்பது அங்கே நம்பிக்கை. நம் பேச்சில் சொன்னால், கொண்டுவிக்கப் போனவர்கள், அதாவது வியாபாரத்துக்குப் போனவர்கள், கட்டிய கோயில்! மற்றபடி, 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து நாட்டில் அமைதி இல்லை. ஆபீஸில் போகச் சொல்லாத ஊருக்கு அவன் போக வேண்டாம்.

புத்த மதத்தார் என்றால் சைவம்தானே சாப்பிடுவார்கள்?
— காரைக்குடி வாசகர்

இல்லை. காலைப் பலகாரமே மோஹிங்கா, மீன் குழம்பில் சேமியா. வாழைத்தண்டு போட்டு வேகவைப்பார்கள். ங்கப்பி என்ற மீன் விழுது இல்லாமல் சாப்பாடு இறங்காது. பிக்குவுக்குத் தட்டில் விழுந்ததுதான் உணவு, கறியென்றும் காயென்றும் கேட்கக் கூடாது. உச்சிக்குப் பிறகு பட்டினி, அது மட்டும் கண்டிப்பு. உழவுக்கு உதவுகிற மாடு என்று மாட்டிறைச்சியைத் தொடாத பர்மியர் நிறைய உண்டு.

புத்தர் கடவுளைப் பற்றிப் பேசவில்லை என்று கல்லூரியில் படித்தோம். ஆனால் பர்மியர் 37 தெய்வங்களைக் கும்பிடுகிறார்கள் என்று படித்தேன். இது முரண் இல்லையா?
— கல்லூரி மாணவி, பள்ளத்தூர்

முரண்தான். அங்கே யாரும் அதற்காகத் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. மறுபிறவிக்குப் புத்தர், இந்தப் பிறவிக்கு 'நாட்'. வியாபாரம், வயிற்றுவலி, பிள்ளைப்பேறு, காணாமல் போன நகை எல்லாம் நாட் தெய்வங்கள் இலாகா.

இந்த நாட் தெய்வங்களில் பெரும்பாலானவர்கள் துர்மரணம் அடைந்த மனிதர்கள். பெரியவர் மின் மஹாகிரி. தகவுங் ஊரில் கொல்லராக இருந்தவர். அவருடைய பலத்தைக் கண்டு அரசனுக்குப் பயம். தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டு, மைத்துனர் என்று ஆசை காட்டிக் கூப்பிட்டு, செண்பக மரத்தில் கட்டிவைத்து எரித்துவிட்டான். தங்கையும் அந்த நெருப்பிலேயே விழுந்தாள். இருவரும் அந்த மரத்திலேயே தங்கி, நிழலில் ஒதுங்கியவர்களையெல்லாம் அடித்தார்கள். மரத்தை வெட்டி ஐராவதி ஆற்றில் விட, அது பகானில் போய் ஒதுங்கியது. அங்கே அந்தக் கட்டையில் உருவம் செதுக்கிப் போப்பா மலையில் வைத்தார்கள்.

நெருப்பில் போனவர் என்பதால் அவருக்கு விளக்கு ஆகாது, தேங்காய்தான். பர்மியர் வீட்டுக்குள் போனால் உயரத்தில் ஒரு மூங்கில் சட்டத்தில், தலையில் சிவப்புத் துணி கட்டிய முழுத் தேங்காய் ஒன்று இருக்கும். உடைக்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் இளநீர் அவர் தீப்புண்ணைக் குளிர்விக்கும் என்று எண்ணம். தண்ணீர் வற்றினால் மாற்ற வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டம்மா தேங்காயை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். சத்தம் கேட்கவில்லையென்றால் அன்றைக்கே சந்தைக்குப் போவார். அந்தத் தேங்காயிலிருந்து நாலடி தள்ளித்தான் புத்தர் மாடம். ஆனால் புத்தர் எப்போதும் அதைவிட உயரத்தில்.

பகான் அரசர் அனவரதா (1044 முதல் 1077 வரை ஆண்டவர்) தேரவாத பௌத்தத்தை நாட்டு மதமாக்கியபோது நாட் வழிபாட்டை ஒழிக்கப் பார்த்தார். முடியவில்லை. முடியாததை முறைப்படுத்துவது கெட்டிக்கார அரசருக்கு அழகு. அதுவரை இருந்த 36 பேருக்கு மேலே தஜாமின் என்று ஒருவரைத் தலைவராக வைத்து, எல்லாரும் புத்தருக்கு அடங்கியவர்கள் என்று ஷ்வேசிகோன் பகோடாவிலேயே இடம் கொடுத்துவிட்டார். தஜாமின் வேறு யாருமில்லை, நம் இந்திரன். சித்திரையில் தண்ணீர் ஊற்றும் திங்யான் பண்டிகையே அவர் பூமிக்கு வரும் வரவேற்புதான். வரும்போது இரண்டு ஏடு கொண்டுவருவாராம். நல்லவர்கள் பேர் பொன்னேட்டில், கெட்டவர்கள் பேர் நாய்த்தோல் ஏட்டில். "வருஷாவருஷம் ஐந்தொகை எடுக்க மேலிருந்து ஆள் வருகிறது" என்பார் எங்கள் அப்பச்சி, அதாவது என் தகப்பனார்.

கருப்பரும் முனியனும் காவல் நிற்கிற ஊரில் பிறந்துவிட்டு, சிவன் கோயிலுக்கும் போய்விட்டு, இதை முரண் என்று நீ கேட்கிறாயே, அதுதான் எனக்கு வேடிக்கை.

எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் கோபுரம் போன்ற மூடியுள்ள சிவப்புப் பாத்திரம் ஒன்று இருக்கிறது. ஆயா அதை மரவை என்பார்கள். பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அது என்ன, கொடுக்கலாமா?
— கானாடுகாத்தான் வாசகி

கொடுக்காதீர்கள். அல்லது முதலில் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

அது மடத்துக்குச் சோறு எடுத்துப்போகும் பாத்திரம். பர்மியப் பெண்கள் விசேஷ நாளில் உள்ளே அன்னமும் கறியும் வைத்து மூடி, தலையில் சுமந்து போவார்கள். கோபுரம் போலிருப்பது பகோடாவின் சாயல். நம் வீடுகளுக்கு வந்ததும் அதில் பாக்கும் பழைய சாவியும் போட்டுவைத்தோம், அது வேறு விஷயம்.

மரவை என்று பேர் இருந்தாலும் பெரும்பாலும் அடியில் இருப்பது கட்டை இல்லை, மூங்கில். நகத்தால் கிள்ளியெடுத்தாற்போன்ற மெல்லிய பட்டையை வளையம் வளையமாகச் சுற்றியிருப்பார்கள். உயர்ந்த சாமானில் குதிரை மயிரையும் சேர்த்துப் பின்னுவார்கள், விளிம்பை விரலால் அமுக்கினால் வளையும், விரிசல் விடாது. மேலே பூசுவது திட்சி என்ற மரத்தின் பால். வெட்டியதும் வெளுப்பாக வடிந்து, காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். அதை வெயிலில் காயவைக்கக் கூடாது. ஈரக்காற்றில்தான் இறுகும். அதற்காகப் பகானில் ஒவ்வொரு பட்டறையிலும் நிலவறை இருக்கும். ஒரு பூச்சு, நிலவறையில் பல நாள், வெளியே எடுத்துத் தேய்ப்பு, மறுபடி பூச்சு, மறுபடி நிலவறை. நல்ல சாமான் ஒன்று முடிய மாதக்கணக்கில் ஆகும். சிவப்பு வருவது சாதிலிங்கப் பொடியால்.

ஆகவே வெயில் படும் வளவில் வைக்காதீர்கள். புளி போட்டுத் துலக்காதீர்கள், அது பித்தளையில்லை. ஈரத்துணியைப் பிழிந்து மெல்லத் துடைத்தால் போதும். அடியில் பர்மிய எழுத்தில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். செய்தவர் அல்லது வாங்கியவர் பேராக இருக்கலாம். இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.

நகரத்தார் பர்மாவில் ஊருக்கு ஊர் தண்டாயுதபாணி கோயில் கட்டினார்களே, இப்போதும் பூஜை நடக்கிறதா? அங்கே இருப்பவர்கள் தமிழ் பேசுகிறார்களா?
— ஓய்வுபெற்ற மேலாள் ஒருவரின் பேரன், தேவகோட்டை

பல ஊரில் நடக்கிறது. நாம் விட்டுவந்த கோயில்களைக் காப்பாற்றியவர்கள் வயலிலும் ஆலையிலும் வேலைக்குப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள். வட்டிக்கடை மூடியதும் நமக்குக் கப்பல் கிடைத்தது. அவர்களில் பலருக்குப் போக இடமில்லை. இதை நம் கூட்டங்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கோயிலுக்குள் போனால் முருகனுக்குப் பக்கத்தில் புத்தர் இருப்பதையும் பார்க்கலாம். யாரும் கட்டாயப்படுத்தி வைத்ததில்லை; கும்பிட வருகிற பர்மியரும் உண்டு. ரங்கூனில் 1871-இல் தமிழர்கள் கட்டிய காளியம்மன் கோயிலிலும், தீமிதிக்குப் பேர்போன பீலிக்கான் அங்காள ஈஸ்வரி முனீஸ்வரர் கோயிலிலும் நெற்றியில் தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய பர்மியப் பெண்கள் கைகூப்பி நிற்பார்கள். நம் முனீஸ்வரரை அவர்கள் ஒரு நாட் என்று எடுத்துக்கொண்டால் நாம் சண்டைக்கா போக முடியும்?

தமிழ் பேசும் பழக்கம் குறைந்துவிட்டது. தனியார் பள்ளிகளை 1960-களில் அரசாங்கம் எடுத்துக்கொண்டதோடு தமிழ்ப் பள்ளியும் போயிற்று. கோயில் திண்ணையில் சொல்லிக்கொடுத்த தமிழ்தான் மிச்சம். வீட்டுக்கு ஒரு பேர், பள்ளிக்கூடத்துக்குப் பர்மியப் பேர் என்று இரண்டு பேரோடு வளர்ந்தவர்கள். பர்மிய மொழிக்கும் தமிழுக்கும் சொந்தமில்லை. அது திபெத்திய பர்மியக் குடும்பம், சுருதி மாறினால் அர்த்தம் மாறும். எழுத்து மட்டும் தென்னிந்தியாவிலிருந்து மோன் மக்கள் வழியாகப் போனது. அதனால்தான் அந்த வட்டவட்ட எழுத்து நமக்கு எங்கோ பார்த்தது போல இருக்கும்.

நாம்தான் முதலில் போன தமிழர்கள் என்று நினைக்கிறவர்களுக்கு: பகானில் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று சமஸ்கிருதத்திலும் தமிழிலும் இருக்கிறது. மலைமண்டலத்து (இன்றைய கேரளத்து) மகோதயர்பட்டினத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், நானாதேசி என்ற வியாபாரிகள் குழுவின் பேரில் இருந்த நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு மண்டபமும் கதவும் செய்து, எரிய விளக்கும் வைத்ததைச் சொல்கிறது. நாம் போவதற்கு ஐந்நூறு வருஷம் முன்னாலேயே வியாபாரி போய்க் கோயில் கட்டியாயிற்று. ஆனால் பெருமாள் கோயில்.

பர்மாவில் 'செட்டியார்' என்றாலே கொடுமைக்காரர் என்று சித்திரிக்கிறார்களாமே. நாம் அவர்களுக்குக் கடன் கொடுத்து உதவியவர்கள்தானே?
— காரைக்குடி வாசகர்

கடன் கொடுத்தோம். அந்தக் கடனில்தான் கீழ்ப் பர்மாவின் சதுப்புக் காடு உலகத்துக்கே அரிசி அனுப்பும் வயலாயிற்று. உள்ளூர் லேவாதேவிக்காரர்களை விட நம் வட்டி குறைவு என்பதும் உண்மை. ஆனால் 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் நம் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6. நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், ஈட்டு நிலமெல்லாம் நம்மிடம் வந்து சேர்ந்தபோது, 1930-களின் கடைசியில் அது நூற்றுக்கு 25. நமக்கு நிலம் வேண்டாம், பணம்தான் வேண்டும். அவர்களுக்கு நிலம்தான் வேண்டும். தன் வயலிலேயே குத்தகைக்கு நின்ற குடியானவர் நம் பேரேட்டைப் படித்துப் பார்த்தா நியாயம் சொல்வார்? 1948-இல் விடுதலை வந்ததும் முதல் வேலையாக நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தார்கள். எங்கள் அப்பச்சி கடைசிவரை அந்த நிலத்துக்கான நஷ்டஈட்டைப் பற்றிப் பேசினார். அவருக்கு வருத்தம் இருந்தது நியாயம். வயலை இழந்தவர் வீட்டிலும் ஒரு தகப்பனார் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே நாற்பது வயசாயிற்று.

எங்கள் ஐயாவுக்கு அங்கே ஒரு குடும்பம் இருந்ததாக வீட்டில் அடங்கிய குரலில் சொல்வார்கள். அந்தப் பெண்மணியின் பேர் மட்டும் தெரியும். அது முறையான கல்யாணமாக இருந்திருக்குமா? தேடிப் பார்க்கலாமா?
— பேர் வேண்டாம் என்று எழுதியவர்

இப்படிக் கடிதம் எனக்கு வருவது இது புதிதில்லை. கணக்குப் பார்க்க மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிற தொழிலில், பெண்டாட்டி பிள்ளைகளை இங்கே விட்டுப் போன இளவட்டங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நம் கண்ணுக்கு அது கல்யாணமாகத் தெரிந்திருக்காது. பர்மிய பௌத்தக் கல்யாணத்தில் தாலி இல்லை, ஓமம் இல்லை. பிக்கு அதை நடத்திவைப்பதுமில்லை, அவருக்கு அது உலக விவகாரம். ஊரறியச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே தட்டில் சாப்பிட்டால் அவர்கள் வழக்கில் புருஷன் பெண்டாட்டிதான். பெண் தன் பேரை மாற்றிக்கொள்ள மாட்டாள். சேர்ந்து சம்பாதித்ததில் அவளுக்குப் பங்கு உண்டு. ஆனால் புருஷன் இந்து என்றால் நம் சட்டம் அந்தக் கல்யாணத்தை ஒப்புக்கொள்ளாது, சொத்தும் கிடைக்காது. இது பெரிய பிரச்சினையாகி, 1939-இல் பௌத்தப் பெண்களுக்கென்று தனியாக ஒரு கல்யாண வாரிசுரிமைச் சட்டமே கொண்டுவந்தார்கள். ஆக, உங்கள் ஐயா வீட்டு அந்த அம்மாள் அவர்கள் ஊரில் தலைநிமிர்ந்து நடந்த மனைவி.

தேடுவது கஷ்டம். குடும்பப் பேர் கிடையாது என்று மேலே சொன்னேன். பெண் பேருக்கு முன்னால் மரியாதைக்கு 'மா' சேர்த்துச் சொல்லும் இரண்டெழுத்துப் பேரில் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். ஐயா இருந்த ஊர், கடை விலாசம், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்பதைப் பழைய பேரேட்டில் பாருங்கள். பிறகு அந்த ஊர்த் தண்டாயுதபாணி கோயிலில் விசாரிக்கச் சொல்லுங்கள். வயசானவர்கள் இருந்தால் நினைவு இருக்கும். கண்டுபிடித்தால் முதலில் கடிதம் எழுதுங்கள், சொத்துப் பேச்சை எடுக்காதீர்கள்.

பர்மியப் பெண்கள் கன்னத்தில் பூசும் தனாக்கா உடம்புக்கு நல்லதா? இங்கே கிடைக்குமா?
— கோட்டையூர் வாசகி

நல்லது, குளிர்ச்சி, வெயிலுக்குத் தாங்கும். கட்டையை வட்டமான கல்லில் தண்ணீர் விட்டு உரைத்தால் சந்தனம் போல மஞ்சள் வெளுப்பாக வரும். உரைப்பது பட்டையைத்தான், உள்கட்டையை இல்லை. அந்த மரம் நம்மூரிலும் உண்டு. மகாவில்வம் என்று சில சிவன் கோயில்களில் நிற்கிறதே, அதுதான். இதைப் படித்துவிட்டுக் கத்தியோடு கோயிலுக்குப் போய்விடாதீர்கள். குருக்கள் கேட்டால் ஆச்சி சொன்னதாகச் சொல்லவும் கூடாது. பர்மாவிலிருந்து வரும் பொடி டப்பா சென்னை பர்மா பஜாரில் கிடைக்கும். வாங்கினால் முதலில் கைமணிக்கட்டில் கொஞ்சம் பூசி, அரிக்கிறதா என்று பார்த்துவிட்டு முகத்துக்குப் போடுங்கள்.